இரண்டாவது சான்ஸுக்கு பில் கட்டுறது யாரு?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் நோட்டீஸ் பீரியட் பத்தி ஜாலியா பேசினோம். இன்னைக்கு அவ்வளவு ஜாலி கிடையாது. ஆபீஸ் கேப்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்கறவங்க தயவுசெஞ்சு இயர்ஃபோன் மாட்டிக்கோங்க.

முதல்ல ஒரு சம்பவம் சொல்றேன். என்னோட முதல் கம்பெனி. பேர் சொல்ல மாட்டேன், யாரும் கெஸ் பண்ணவும் வேண்டாம். நான் சேர்ந்து ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம் டவுன்ஹால். கஃபெட்டீரியாவுல சேரை எல்லாம் ஓரமா தள்ளிட்டு, ப்ரொஜெக்டர் போட்டு, புதுசா வந்த ஒரு வைஸ் பிரசிடெண்ட்டை அறிமுகப்படுத்தினாங்க. ஸ்லைடுல அவரோட ஃபோட்டோ, இருபது வருஷத்துக்கு மேல அனுபவம், எந்த அக்கவுன்ட்டை எங்கேருந்து எங்க கொண்டுபோனார்ங்கற கணக்கு. எல்லாரும் கை தட்டினோம். என் பக்கத்துல என்னோட டீம் லீட் நின்னுட்டு இருந்தாங்க. அவங்க கை தட்டல. தண்ணி பாட்டில் மூடியைத் திறக்கறதும் மூடறதுமா இருந்தாங்க.

அன்னைக்கு சாயங்காலம் டீக்கடையில நானேதான் கேட்டேன். "பழைய கம்பெனியில அவர் என் மேனேஜருக்கு மேனேஜர்"னாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அங்க அவர் மேல கம்ப்ளைன்ட் ஆச்சு. என்குவைரி முடியறதுக்கு முன்னாடியே ரிசைன் பண்ணிட்டார். அதோட ஃபைலை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க என்னால இருக்க முடியல, அதான் இங்க வந்தேன்"னாங்க. கம்ப்ளைன்ட் குடுத்தது யாருன்னு நான் கேக்கல. இன்னி வரைக்கும் கேக்கல.

ரெண்டரை மாசத்துல அவங்க பேப்பர் போட்டுட்டாங்க. எக்ஸிட் ஃபார்ம்ல காரணம் கேக்கற இடத்துல ஒரு டிராப்டவுன் இருக்கும் பாருங்க. மேல்படிப்பு, கல்யாணம், ஊர் மாற்றம், உடல்நிலை, நல்ல வாய்ப்பு. அவங்க 'நல்ல வாய்ப்பு'ன்னு செலக்ட் பண்ணாங்க. அப்போ அவங்க கையில ஒரு ஆஃபர் லெட்டர்கூட கிடையாது.

நான் என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. ஃபேர்வெல் கேக் வெட்டறப்ப ஃபோட்டோ எடுத்தேன். அடுத்த வருஷம் எனக்கு வந்த ப்ரமோஷன் லெட்டர்ல கையெழுத்து அந்த வைஸ் பிரசிடெண்ட்டோடது. உண்மையைச் சொல்லணும்னா, கிளையன்ட்டோட கால்ல எப்படிப் பேசணும்னு நான் கத்துக்கிட்டதே அவர்கிட்டதான். என்கிட்ட ஒரு தடவைகூட தப்பா நடந்ததில்ல. எனக்கு அந்தப் பிரச்சினை வரப்போறதே இல்லையே, அதுதான் விஷயம்.

இந்த எபிசோடுக்கு அந்த அக்காகிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஸ்கிரிப்டை அவங்க படிச்சாங்க.

சரி, கேள்விக்கு வருவோம். ஒரு பெரிய பதவியில இருந்தவர் மேல வேலையிடத்துல தப்பா நடந்துக்கிட்டதா புகார் வருது, பெரிய பிரச்சினை ஆகுது, வெளிய போறார். இன்னொரு கம்பெனி அவரைப் பெரிய பதவிக்கே எடுக்கலாமா? இதை யார்கிட்ட கேட்டாலும் ரெண்டு பதில்ல ஒண்ணு வரும். "ஒரு தடவை தப்பு பண்ணவன் காலம் முழுக்க வீட்ல உக்காரணுமா?" இல்லன்னா, "எடுக்கவே கூடாது, முடிஞ்சது." ரெண்டும் அவசரமான பதில்னு எனக்குத் தோணுது.

நம்ம ஐடி துறையிலேயே இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. நம்ம வயசு ஆளுங்களுக்கு இது அவ்வளவா தெரியாது. நாம அப்போ ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டுப் போயிட்டு இருந்தோம். ஆனா 40 வயசு தாண்டின எந்த டெலிவரி மேனேஜர்கிட்ட கேட்டாலும் பேரைச் சொன்ன உடனே தலையாட்டுவார். ஃபனீஷ் மூர்த்தி.

1992-ல் இன்ஃபோசிஸில் சேர்ந்தவர். அமெரிக்காவில் உட்கார்ந்து கம்பெனிக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்தவர். உலகளாவிய விற்பனைப் பிரிவின் தலைவராகி, போர்டிலும் இடம் பிடித்தார். அவர் சேர்ந்தபோது இன்ஃபோசிஸ் சின்ன கம்பெனி. 2002 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 50 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அந்த வளர்ச்சியில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை யாரும் மறுத்ததில்லை. அவருடைய முன்னாள் உதவியாளர் ஒருவர் கலிஃபோர்னியாவில் அவர் மேலும் கம்பெனி மேலும் பாலியல் துன்புறுத்தல் வழக்கு போட்டார். 2002 ஜூலையில் மூர்த்தி ராஜினாமா செய்தார். 2003 மே மாதம் இன்ஃபோசிஸ் 30 லட்சம் டாலர் கொடுத்து கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். கோர்ட் எதுவும் தீர்ப்பு சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா சமரசம்னா குற்றம் நிரூபணம்னு அர்த்தம் இல்ல.

இப்ப தேதியைக் கவனிங்க. அதே 2003-ல், சில மாதங்களிலேயே, ஐகேட் என்கிற கம்பெனி அவர் புதிதாகத் தொடங்கியிருந்த நிறுவனத்தை வாங்குகிறது. அவர் ஐகேட் குழுமத்துக்குள் தலைமைப் பொறுப்புக்கு வருகிறார். பிறகு மொத்த ஐகேட்டுக்கும் சிஇஓ. 2011-ல் தன்னைவிடப் பெரிய பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸை ஐகேட் வாங்கியது. கிட்டத்தட்ட 120 கோடி டாலர். சின்ன மீன் பெரிய மீனை முழுங்கிடுச்சுன்னு அப்போ பிசினஸ் பேப்பர்லாம் கொண்டாடினாங்க.

அப்புறம் 2013 மே மாதம், ஐகேட் போர்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. தனக்குக் கீழே வேலை செய்த ஒருவருடன் இருந்த உறவை விதிப்படி கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தப் பெண் துன்புறுத்தல் புகாரும் கொடுத்திருந்தார். வெளி வக்கீல்களை வைத்து நடந்த விசாரணையில் துன்புறுத்தல் கொள்கை மீறப்பட்டதாகத் தெரியவில்லை என்று கம்பெனி சொன்னது. மூர்த்தி உறவை மறுக்கவில்லை, துன்புறுத்தலை மறுத்தார், இது பணம் பறிக்கிற முயற்சி என்றார்.

இந்தக் கதையை வெச்சு "பாத்தீங்களா, ஒரு தடவை பண்ணவன் திரும்பப் பண்ணுவான்"னு முடிச்சிடலாம். நான் அப்படி முடிக்கப் போறதில்ல. ரெண்டு கேஸ்லயும் என்ன நடந்ததுன்னு நமக்கு முழுசாத் தெரியாது. எனக்கு உறுத்தறது வேற. அந்தப் பத்து வருஷத்தை பேலன்ஸ் ஷீட்டா பாத்தா, ஐகேட் 2003-ல எடுத்த முடிவு லாபம்தான். கம்பெனி வளர்ந்தது. 2015-ல் கேப்ஜெமினி அதை 400 கோடி டாலருக்கு வாங்கியது. பங்கு வெச்சிருந்தவங்களுக்கு நல்ல காசு. அப்போ "எடுக்கலாமா?"ங்கற கேள்விக்கு எக்செல் ஷீட் சொல்ற பதில் "தாராளமா எடுக்கலாம்". நஷ்டம் எதுவும் அந்த ஷீட்டுக்குள்ளயே வராது. டீக்கடையில என் லீட் சொன்ன விஷயத்துக்கு எந்த ஷீட்லயும் ஒரு காலம் கிடையாது.

இதை என்னைவிடத் தெளிவா கேட்டவர் ஒரு நடிகை. எம்மா தாம்சன்.

ஜான் லாசெட்டரை உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், அவர் படம் தெரியும். 'டாய் ஸ்டோரி' இயக்குநர், பிக்ஸார், டிஸ்னி ரெண்டு இடத்திலும் அனிமேஷன் தலைமை. 2017 நவம்பரில், ஊழியர்கள் சிலரைச் சங்கடப்படுத்தியதாக, வேண்டாத கட்டிப்பிடித்தல்களுக்காக என்று மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டு லீவில் போனார். 2018 முடிவில் டிஸ்னியிலிருந்து வெளியேறினார். 2019 ஜனவரியில், அதாவது சூடு ஆறறதுக்குள்ள, ஸ்கைடான்ஸ் நிறுவனம் தன் அனிமேஷன் பிரிவுக்கு அவரைத் தலைவராக்கியது. அப்போது ஸ்கைடான்ஸின் 'லக்' படத்துக்கு எம்மா தாம்சன் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். படத்தைவிட்டு விலகி, ஏன் விலகினேன் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் அதை வெளியிட்டது.

அந்தக் கடிதத்தில் அவங்க கேட்ட ஒரு கேள்வி என் மண்டைக்குள்ள அப்படியே தங்கிடுச்சு. என் வார்த்தையில சொல்றேன். இரண்டாவது வாய்ப்பைப் பெறுகிறவருக்கு கோடிக்கணக்கில் சம்பளம். அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டிய ஊழியர்களுக்கு எவ்வளவு தர்றீங்க? அவ்ளோதான் கேள்வி.

யோசிச்சுப் பாருங்க. "நாங்க அவருக்கு ஒரு சான்ஸ் குடுத்திருக்கோம்"னு போர்டு சொல்லும். ஆனா போர்டுல இருக்கறவங்க யாரும் அவரோட ஒன்-ஆன்-ஒன் மீட்டிங்ல தனியா உக்காரப் போறதில்ல. அவரோட லேட் நைட் ரிலீஸ் கால்ல இருக்கப் போறதில்ல. ஆன்சைட் ட்ரிப்ல அதே ஹோட்டல்ல தங்கப் போறதில்ல. சான்ஸ் குடுக்கறது ஒருத்தர், அது சொதப்பினா அனுபவிக்கிறது இன்னொருத்தர். கடன் கார்டு ஒருத்தர் தேய்க்க, பில் இன்னொருத்தர் வீட்டுக்கு வர்ற மாதிரி. ஸ்கைடான்ஸ் தரப்புக்கு நியாயமாச் சொல்லணும்னா, வெளி வக்கீலை வெச்சு விசாரிச்சுதான் எடுத்தோம்னாங்க. ஊழியர்களுக்குத் தகவலும் சொன்னாங்க. நிறைய கம்பெனி அதுகூடப் பண்றதில்ல.

பண்ணாததுக்கு உதாரணம் கூகுளும் ஊபரும். அமித் சிங்கால், கூகுள் சர்ச்சின் மூளைன்னு சொல்லப்பட்ட இன்ஜினியர். நான் காலேஜ்ல படிக்கறப்ப அவர் பேச்சு எல்லாம் யூட்யூப்ல தேடித் தேடிப் பாத்திருக்கேன். 2016 பிப்ரவரியில் குடும்பத்தோடும் சமூகப் பணியிலும் நேரம் செலவழிக்கப் போகிறேன் என்று எழுதிவிட்டு கூகுளை விட்டுப் போனார். 2017 ஜனவரியில் ஊபரில் சீனியர் வைஸ் பிரசிடெண்ட். பிப்ரவரி கடைசியில் வெளியே. ஏன்? கூகுளில் அவர் மேல் ஒரு துன்புறுத்தல் புகார் இருந்தது, அவர் அதை மறுத்தார், ஆனால் அதைப் பற்றி ஊபரிடம் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதுதான் ஊபருக்கே தெரிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னாடிதான், ஊபரில் தனக்கு நடந்ததைப் பற்றி சூசன் ஃபௌலர் என்ற இன்ஜினியர் எழுதிய கட்டுரை உலகமெல்லாம் ஓடியிருந்தது. அது வராம இருந்திருந்தா ஊபர் அவரைப் போகச் சொல்லியிருக்குமாங்கறது தனிக் கேள்வி.

பிறகு ஒரு பங்குதாரர் வழக்கில் வெளிவந்த ஆவணங்களில், சிங்கால் வெளியேறும்போது கூகுள் 4.5 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆண்ட்ராய்டை உருவாக்கிய ஆண்டி ரூபினுக்கு 9 கோடி டாலர் என்று 2018 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவரும் குற்றச்சாட்டுகளை மறுத்தார். அந்தச் செய்திக்கு அடுத்த வாரம், நவம்பர் 1, கூகுள் ஊழியர்கள் 20,000 பேர் வேலையை நிறுத்திட்டு வெளிய வந்தாங்க.

இப்ப இதை நம்ம அனுபவத்தோட வெச்சுப் பாருங்க. நீங்க ஃப்ரெஷரா முதல் வேலை மாறினப்ப என்ன நடந்தது? பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்னு ஒரு ஏஜென்சி, பத்தாம் கிளாஸ் மார்க்ஷீட்லேருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் கேட்டாங்க. ரிலீவிங் லெட்டர்ல தேதிக்கும் பிஎஃப் கணக்குல தேதிக்கும் மூணு நாள் வித்தியாசம் இருந்துச்சுன்னு என் ரூம்மேட்டுக்கு ஆஃபரையே நிறுத்தி வெச்சாங்க. பாவம், மெயில் மேல மெயிலா அனுப்பி ஒரு மாசம் அலைஞ்சான். 2022 செப்டம்பர்ல, போட்டிக் கம்பெனிகளுக்கு ஒளிஞ்சு வேலை பாத்தாங்கன்னு 300 பேரை நீக்கினதா விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜியே மேடையில சொன்னார். அவங்களுக்கு ரெண்டாவது சான்ஸ் குடுக்கணும்னு எந்தத் தலையங்கமும் வந்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. கீழ இருக்கறவனுக்கு வெரிஃபிகேஷன், மேல இருக்கறவருக்கு ரெஃபரன்ஸ். அந்த ரெஃபரன்ஸ் லிஸ்டையும் அவரே குடுப்பார்.

சரி, அப்போ நான் என்னதான் சொல்ல வர்றேன்? ஒரு இன்ஜினியரா எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன்.

2017 ஜனவரி 31. கிட்லாப்ல ஒரு இன்ஜினியர், ராத்திரி நேரத்துல, தப்பான சர்வர்ல டைரக்டரியை டிலீட் பண்ணிட்டார். ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ். என்டர் தட்டின அடுத்த செகண்டே தெரிஞ்சு நிறுத்தறதுக்குள்ள சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பை எடுக்கப் போனா ஒண்ணும் ஒழுங்கா வேலை செய்யல. கடைசியில 6 மணி நேர டேட்டா போயே போச்சு. இதை எழுதறப்பவே எனக்குக் கை நடுங்குது. அந்தக் கம்பெனி என்ன பண்ணுச்சு? ரெகவரியை யூட்யூப்ல லைவா காட்டினாங்க. என்ன தப்பு, ஏன் தப்புன்னு ஒளிக்காம எழுதி வெளியிட்டாங்க. அந்த இன்ஜினியரை வேலையை விட்டு அனுப்பல.

அவரை நான் வேலைக்கு எடுப்பேனா? நாளைக்கே எடுப்பேன். இன்டர்வியூவுல அவரே அந்தக் கதையைச் சொல்வார். எனக்குத் தெரியும், டீமுக்குத் தெரியும், எல்லாரும் கண்ணைத் திறந்துக்கிட்டு அவரோட வேலை பாப்போம். அதே சமயம், சேர்ந்த முதல் நாளே ப்ரொடக்‌ஷன்ல ரூட் ஆக்சஸ் குடுப்பேனா? மாட்டேன். அவருக்கு மட்டுமில்ல, யாருக்கும் குடுக்க மாட்டேன். முதல்ல ரீட்-ஒன்லி. அப்புறம் பாத்துக்கலாம்.

இந்த உவமை முழுசாப் பொருந்தாதுன்னு எனக்கே தெரியும். அது களைப்புல நடந்த கைத்தவறு. நம்ம பேசற விஷயம் அப்படி இல்ல. தன்னைவிட சம்பளத்துலயும் அதிகாரத்துலயும் கீழ இருக்கற, எதிர்த்துப் பேச முடியாத ஆளாப் பாத்து நடக்கற விஷயம். டேட்டாபேஸ் அழாது, ரிசைன் பண்ணாது. ஆனா ஒரு விஷயம் பொருந்தும்: ஆக்சஸ்.

ஒரு மேனேஜருக்கு இருக்கற ரூட் ஆக்சஸ் என்ன? உங்க அப்ரைசல். உங்க ஹைக். யார் ஆன்சைட் போறாங்க, யார் பெஞ்சுக்குப் போறாங்க. மூடின ரூம்ல உங்களைக் கூப்பிடற உரிமை. தப்பு நடந்தது அந்த அதிகாரத்தை வெச்சுத்தான். அப்போ அதே அதிகாரத்தைத் திருப்பிக் கையில குடுக்கறதுக்குப் பேரு ரெண்டாவது சான்ஸா? வேலை குடுங்க. நல்ல சம்பளமே குடுங்க. அவர் மூளை உங்களுக்கு வேணும்னா, ஆலோசகரா வெச்சுக்கோங்க, ஆர்க்கிடெக்டா வெச்சுக்கோங்க, டிசைன் ரிவ்யூ பண்ணட்டும். அவருக்குக் கீழ யாரோட அப்ரைசலும் இருக்க வேண்டாம். சில வருஷம் போகட்டும்.

இதை என் ஃப்ரெண்ட் ஒருத்தன்கிட்ட சொன்னேன், ஸ்டார்ட்அப்ல இருக்கான். "டேய், அந்த லெவல் ஆளு இண்டிவிஜுவல் காண்ட்ரிபியூட்டரா வருவாரா? ஈகோ இடிக்காது?"ன்னான். இடிக்கும். இடிக்கட்டும். திருந்தினேன்னு சொல்றவர், கீழ பத்து பேர் இல்லாம வேலை செய்ய மாட்டேன்னா அதுலயே பதில் கிடைச்சுடுது. அவர் வந்தாலும் கம்பெனி அப்படி எடுக்காதுங்கறதுதான் இன்னும் பெரிய உண்மை. கம்பெனிக்கு வேண்டியது அவர் திருந்தறது இல்ல, அவரோட பழைய நம்பர்ஸ்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பொய்ப் புகார்னு ஒண்ணு இருக்கலாமே? இருக்கலாம். விசாரணையே முடியாம வெளிய வந்தவர் உண்மையிலேயே நிரபராதியா இருந்தா அவர் கதி என்ன? இது நியாயமான கேள்வி. ஆனா இதுக்குப் பதில் "அதனால எதையும் கேக்காம எடுத்துக்கலாம்"ங்கறது இல்ல. விசாரணையை முடிங்கங்கறதுதான் பதில். நம்ம நாட்டு போஷ் சட்டம் 2013-ல வந்தது. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல உள்ளகக் குழு இருக்கணும், 90 நாளுக்குள்ள விசாரணையை முடிக்கணும்னு அது சொல்லுது. குற்றம் சாட்டப்பட்டவர் ரிசைன் பண்ணா விசாரணையை நிறுத்துங்கன்னு அதுல எங்கயும் இல்ல. ஆனா நடைமுறையில அவர் லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்த அன்னைக்கே ஃபைல் தூங்கிடும். எல்லாருக்கும் அது வசதி. புகார் குடுத்தவங்களுக்குத் தீர்ப்பு இல்ல. நிரபராதியா இருந்தா அவருக்கும் சர்டிஃபிகேட் இல்ல. அடுத்த கம்பெனிக்குத் தகவல் இல்ல.

அந்தச் சட்டத்தோட 16-வது பிரிவு, புகாரோட விவரம், ரெண்டு பக்க ஆளுங்களோட அடையாளம், குழு என்ன பரிந்துரைச்சது, இதெல்லாம் வெளிய தெரியக் கூடாதுன்னு சொல்லுது. இது வேண்டிய பாதுகாப்பு. இது இல்லன்னா பாதிப் பேர் புகார் குடுக்கவே வர மாட்டாங்க. எனக்கு அதை எடுக்கச் சொல்ற எண்ணம் இல்ல. ஆனா பெரும்பாலான எச்ஆர் இதை எப்படிப் புரிஞ்சு வெச்சிருக்காங்கன்னா, யார் ஃபோன் பண்ணிக் கேட்டாலும் "சேர்ந்த தேதி, விலகின தேதி, பதவி"ன்னு மூணே வார்த்தைல பதில். பெண்ணோட பேரை மறைக்கப் போட்ட போர்வைக்குள்ள அவரும் வசதியாப் படுத்துக்கறார்.

முடியாத காரியம் இல்ல இது. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம் 2020-ல் கல்லூரிகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர், இதற்கு முன் பாலியல் அத்துமீறல் தன் மேல் விசாரணையில் உறுதியாகியிருக்கிறதா என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும், பழைய இடத்திடம் கேட்கவும் அனுமதி தர வேண்டும். புகார் குடுத்தவங்க பேரே இதுல தேவைப்படாது. 'உறுதியானது'ங்கற வார்த்தையையும் கவனிங்க, வெறும் புகார் கணக்குல வராது. ஒரு ப்ரொஃபசரை எடுக்கறதுக்கே இது முடியும்னா, 800 பேர் இருக்கற யூனிட்டுக்கு வைஸ் பிரசிடெண்ட்டை எடுக்கறதுக்கு ஏன் முடியாது?

இப்ப நான் இருக்கற கம்பெனியில லீட் லெவலுக்கு மேல எடுக்கற பேனல்ல சில சமயம் என்னையும் உக்கார வைக்கறாங்க. டெக்னிக்கல் ரவுண்டுக்கு மட்டும்தான். இந்த எபிசோடை ரெடி பண்றப்ப, எங்க எச்ஆர்ல ஒரு மேடம்கிட்ட போய்க் கேட்டேன். "மேடம், சீனியர் ஆளுங்களை எடுக்கறப்ப, விசாரணைல உறுதியான புகார் ஏதாவது இருக்கா, விசாரணை நடுவுல ரிசைன் பண்ணீங்களான்னு ஒரு டிக்ளரேஷன் கேக்கலாம்ல? பொய் சொன்னா அதை வெச்சே நீக்கலாம்ல?"ன்னு. அவங்க கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. "கேக்கலாம்பா. தப்பில்ல. ஆனா கேட்டு, அவர் ஆமான்னு சொல்லிட்டா, நாங்க ஒரு முடிவு எடுத்தே ஆகணுமே"ன்னாங்க. ரொம்ப நேர்மையான பதில். நான் எதிர்பார்க்கவே இல்ல. லீகல்கிட்ட அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க. அனுப்பினாங்களான்னு தெரியல, அடுத்த வாரம் திரும்பக் கேப்பேன்.

முதல்ல சொன்னேனே, அந்த அக்கா ஸ்கிரிப்டைப் படிச்சாங்கன்னு. ரெண்டு இடத்துல திருத்தம் சொன்னாங்க. ஒண்ணு, ஃபேர்வெல்ல கேக் வெட்டல, மைசூர்பாக்தானாம், ஃபோட்டோ இன்னும் அவங்ககிட்ட இருக்காம். அதை மாத்தாம விட்டதுக்கு மன்னிக்கணும் அக்கா, என் ஞாபகம் எவ்வளவு மோசம்னு எல்லாருக்கும் தெரியட்டும்னுதான். இன்னொண்ணு, நான் முதல்ல "அவங்க பழைய கம்பெனியிலேருந்து ஓடி வந்தாங்க"ன்னு எழுதியிருந்தேன். "ஓடி எல்லாம் வரல, மூணு மாசம் நோட்டீஸ் சர்வ் பண்ணிட்டு, கேடி எல்லாம் முழுசா குடுத்துட்டுத்தான் வந்தேன்"ன்னாங்க. அதை எடுத்துட்டேன்.

எனக்கு உங்ககிட்டேருந்து ஒண்ணு தெரியணும். எக்ஸிட் ஃபார்ம்ல உண்மையான காரணத்தை எழுதினவங்க யாராவது இருக்கீங்களா? எழுதினப்புறம் யாராவது உங்களுக்கு ஃபோன் பண்ணாங்களா? கம்பெனி பேர் வேண்டாம், ஆள் பேர் வேண்டாம். ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட் போதும், குரலை மாத்தித்தான் போடுவோம். அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு வரும். எனக்கு ரிலீஸ் இருக்கு, நடுவுல எதிர்பார்க்காதீங்க. பத்திரமா வீடு போய்ச் சேருங்க.